இதில் உனக்கு என்ன?

மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கக்கூஸ். அதற்குக் கதவு கிடையாது. ஒரு சாக்குப் படுதா தொங்கும். உள்ளே போகிறவர் ஒரு கையால் சாக்கைப் பிடித்தபடிதான் உட்கார வேண்டும். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் இருமிக் காட்ட வேண்டும். வீட்டு ஓனரிடம் கதவு கேட்காத மாதமே இல்லை. அவரும் தெலுங்கில் கேட்டவர்களுக்குத் தெலுங்கில், கன்னடத்தில் கேட்டவர்களுக்குக் கன்னடத்தில், எங்களுக்குத் தமிழில், "அடுத்த மாசம்" என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இவள் ஏன் கக்கூஸில் தொடங்குகிறாள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதவு பிறகு வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிச் சேலம் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவள் நான். கணவருக்குத் தொழிற்பேட்டையில் லேத் வேலை. பத்தாவது படித்த பெண் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று யாரோ சொல்ல, அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர் ஆனேன். வேலை ஒன்றும் பெரிதில்லை. மாதா மாதம் வீடு வீடாகப் போய் சேமிப்புத் தொகையை வாங்க வேண்டும், அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும், கொண்டுபோய் அஞ்சலகத்தில் கட்ட வேண்டும். அதற்கு அரசாங்கம் எனக்கு ஒரு சின்ன கமிஷன் தரும். மத்திகிரியில் கால்நடைப் பண்ணையில் வேலை செய்தவர்கள், கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போனவர்கள் என்று எல்லா வீட்டு வாசலும் எனக்குத் திறந்திருந்தது. நான்கு வருஷத்துக்குள் இரண்டு பிள்ளைகளையும் பெற்று, தெலுங்கும் கன்னடமும் பேசக் கற்றுக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. பெண்ணுக்கு நகை வாங்கலாமா, மனை வாங்கலாமா, மச்சானை நம்பிப் பணம் தரலாமா என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி பதில் சொன்னேன்.

என்னிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாத ஒரே வீடு எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டு அக்காவும் அவர் கணவர் பாயும் வேஸ்ட் துணி வியாபாரம் செய்தார்கள். பெங்களூரில் பனியன் தைக்கிற இடங்களில் மிஞ்சும் துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, பிரித்து, ஓசூர் கம்பெனிகளுக்கு மெஷின் துடைக்கக் கொடுப்பார்கள். துணியைப் பிரிப்பது அக்காவின் வேலை. பட்டன், ஊக்கு, ஜிப் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பட்டன் உள்ளே போய் மெஷினைக் கீறிவிட்டால் கம்பெனிக்காரர்கள் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா கண்ணால் பார்த்துப் பிரிக்க மாட்டார். என்னோடு பேசிக்கொண்டே கையைத் துணிக்குள் அளையவிடுவார். எங்கே ஒரு பட்டன் ஒளிந்திருந்தாலும் அவர் விரல் அங்கே நின்றுவிடும்.

அக்காவுக்கும் பாய்க்கும் பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் ஒரே ஒரு ஆசை, ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அத்தனை மூட்டையும். சேர்த்த பணத்தை கிருஷ்ணகிரியில் அக்காவின் தம்பி வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்கள். நான் விடுவேனா? போஸ்ட் ஆபீசில் போடுங்கள், பத்திரமாக இருக்கும், வளரும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தேன்.

"வட்டி எங்களுக்கு ஆவாது கண்ணு. அதுவும் இது ஹஜ்ஜுக்குப் போற காசு. வட்டிக்காசுல ஏறிப் போயி அங்க என்னான்னு நிக்கறது?"

விட்டுவிட்டேன். ஆனாலும் மனத்துக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஊரையே கட்டவைத்த என்னால் அடுத்த வீட்டுக்காரியைக் கட்டவைக்க முடியவில்லையே என்று.

தொண்ணூறுகள் பிறந்த சமயத்தில் அந்த மேனேஜர் வந்து சேர்ந்தார். தேக்குமரக் கம்பெனி ஒன்றின் மேனேஜர். மோட்டார் சைக்கிள், கழுத்தில் டை, வெயிலில் கூடக் கழற்றாத கோட்டு. அப்போது எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிக் கம்பெனிகள் மழைக்கு முளைத்தது போல வந்துகொண்டிருந்தன. திட்டம் இதுதான். நீங்கள் பணம் கட்டினால் உங்கள் பேரில் இத்தனை தேக்கங்கன்று. நிலம் அவர்களுடையது, தண்ணீரும் எருவும் அவர்கள் பொறுப்பு. ஆறாம் வருஷம் கட்டியதைப் போல இரண்டு மடங்கு, பிறகு மரம் முற்றினால் சொல்ல முடியாத தொகை. வழவழப்பான தாளில் அச்சடித்த படத்தில் மரம் பக்கத்துக்குப் பக்கம் பருத்துக்கொண்டே போகும். அந்த மேனேஜர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் அழகா, அறிவா? என்னிடம் இருந்த வாசல்கள்தான். அதை அவர் மறைக்கவும் இல்லை. "மேடம், உங்களுக்கு ஊரே கதவைத் திறக்குது. எங்களுக்குத் திறக்காது. அதுக்குத்தான் உங்களுக்குக் கமிஷன்" என்றார். அஞ்சலகம் தந்ததைப் போல நான்கு மடங்கு கமிஷன் அது. ஒவ்வொரு முறையும் சீல் போட்ட வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையில் போட்டுத் தருவார். ஒரு நகல் எனக்கு. அந்த நகல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை. எதையும் கிழித்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

என் சொந்தச் சேமிப்பில் ஒரு பைசாவைக்கூட நான் தேக்கில் போடவில்லை. அது போஸ்ட் ஆபீசில் பத்திரமாக இருந்தது. ஏன் போடவில்லை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் கணவருக்கு இஷ்டமில்லை என்று சொல்லியிருப்பேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

இந்தத் திட்டத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது அடுத்த வீட்டு அக்காதான். இது மரம் அல்லவா, வட்டி இல்லையே! ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா துணி பிரித்துக்கொண்டே கேட்டார். உடனே சரி என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பாய் மூலமாகப் பள்ளிவாசலில் ஹஜரத்திடம் விசாரித்துவிட்டு, மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மரத்த வாங்கி வளத்து விக்கறது வியாபாரந்தானாம். லாபம் வந்தா எடுத்துக்கலாம், நட்டம் வந்தா ஏத்துக்கணும். அப்பிடின்னா தப்பில்லன்னாராம். ஆனா நீ என்ன சொன்னே? ரெண்டு மடங்கு உறுதி, நட்டமே கெடயாதுன்னு சொன்னே. நட்டமே இல்லாத யாவாரம் எது கண்ணு? நானும் இருவது வருஷமா யாவாரம் பண்றேன், பாத்ததே இல்லயே."

அவர் விரல் சரியாகப் பட்டனில் நின்றுவிட்டது. இன்று யோசித்தால், எங்கள் ஊரில் அந்தத் திட்டத்தைப் பார்த்துச் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அன்று எனக்கு அது கேள்வியாகத் தெரியவில்லை, தடையாகத் தெரிந்தது. சட்டென்று பேச்சை மாற்றினேன்.

"அதில்லக்கா, காத்து மழன்னு வந்தா கொஞ்சம் நட்டமும் வரலாந்தான். வியாபாரந்தானே. சும்மா உங்க தைரியத்துக்குச் சொன்னேன்."

அக்காவின் முகம் தெளிந்தது. நட்டம் வரலாம் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு நிம்மதி! அன்று காலையில்தான் பண்ணைக் குடியிருப்பில் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து, நட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒரே நாளில், ஒரே வாயால், ஆளுக்கு ஏற்ற மாதிரி இரண்டு சொன்னேன். அந்த ஓனர் மூன்று பாஷையில் ஒரே பொய்யைத்தான் சொன்னார். நான் அவரையும் மிஞ்சிவிட்டேன்.

அக்கா கடைசியாக இன்னொன்று கேட்டார். ரொம்பச் சாதாரணமாக, துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுல உனக்கு என்ன?"

நான் சிரித்தேன். "நமக்குள்ள என்னக்கா இருக்கு? நீங்க நல்லபடியா ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தா எனக்கு அது போதாதா? நல்லதில்லன்னா நான் உங்களுக்குச் சொல்வேனா?"

நான் சொன்னதில் நேரான பொய் ஒன்றுகூட இல்லை. அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. இப்படிப் பேசக் கற்றுக்கொள்ள எனக்குப் பள்ளிக்கூடமோ பயிற்சியோ தேவைப்படவில்லை. தானாக வந்தது.

அக்காவின் தம்பி கிருஷ்ணகிரியிலிருந்து பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை என் கையில் வைக்கும்போது, "இது அமானிதம் கண்ணு, பத்திரமா சேத்துரு" என்றார். நம்பி ஒப்படைக்கும் பொருளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் கொண்டுபோய்க் கட்டி, ரசீதையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பத்திரமாகத்தான் சேர்த்தேன்.

அடுத்த மாதம் கம்பெனி வேனில் எங்களைக் கன்று பார்க்க அழைத்துப் போனார்கள். ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளியைத் தாண்டி உள்ளே ஒரு மேட்டுக்காடு, கம்பெனியின் நிலம். முழங்கால் உயரத்தில் வரிசை வரிசையாகத் தேக்கங்கன்றுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சியில் நம்பர் எழுதிய தகரம். அக்காவின் நம்பர்கள் கிணற்றை ஒட்டிய வரிசையில் இருந்தன. பாய் ஒவ்வொரு கன்றின் முன்னாலும் குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர் அவர். அன்று வேனில் திரும்பும்போது மட்டும், "மரம் வெக்கறதே நன்மதான்" என்று இரண்டு தரம் சொன்னார். அக்கா வரும்போதே மடியில் ஒரு கை துணி கொண்டுவந்திருந்தார், மஞ்சள் கோடு போட்ட பனியன் துணி. ஒவ்வொரு கன்றிலும் ஒரு துண்டைக் கட்டினார். மேனேஜர் எதற்கு என்று கேட்டார்.

"தகரம் காத்துல பறந்துரும். துணி பறக்காது" என்றார் அக்கா.

அந்தக் கமிஷனில் நான் ஒரு கிரைண்டர் வாங்கினேன். எங்கள் வரிசையில் முதல் கிரைண்டர். அக்கா வாரத்துக்கு ஒருமுறை ஊறவைத்த அரிசியைக் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டு போவார். "உன் வூட்டுத் தம்பி வாங்கிக் குடுத்துச்சா?" என்று முதல்நாள் கேட்டார். ஆமாம் என்றேன். கல்லு சுற்றச் சுற்ற அவர் என் கணவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். பாகலூரிலிருந்து ஒரு வயதான தம்பதியைக் கன்று பார்க்க அழைத்துப் போனேன். நிலம் விற்ற பணம் அவர்களிடம் இருந்தது. மேனேஜர் கன்னடத்தில் பேசிக்கொண்டே அவர்களைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போய், இதோ உங்கள் மரங்கள் என்று காட்டினார். தகரத்தில் புது நம்பர், புதுப் பெயிண்ட். கன்றுகளில் மஞ்சள் கோடு போட்ட துணி அப்படியே இருந்தது. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அந்தத் துணியை யார் கட்டியது என்று அந்தக் காட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பாகலூர்ப் பெரியவரிடம் வேனில் மெதுவாக, அவசரப்பட வேண்டாம், மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த ஒரு நல்ல காரியத்தை நினைத்து அன்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அக்காவிடம் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும், நீ அங்கே எதற்குப் போனாய், இன்னொருவரை ஏன் கூட்டிப்போனாய் என்று கேள்வி வரும். கேள்வியின் கடைசியில் கிரைண்டர் இருந்தது. அந்த மாதங்களில் மேனேஜரை மிரட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கினவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றே சொல்லியிருந்தால் அக்காவுக்கும் கிடைத்திருக்கும். நான் செய்ததிலேயே கெட்டது எது என்று என்னைக் கேட்டால், பணத்தைக் கட்டவைத்ததைச் சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகு ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான் சொல்வேன்.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஆறாம் வருஷம் எங்கே, இரண்டு வருஷத்திலேயே கம்பெனி தடுமாற ஆரம்பித்தது. ஆபீஸில் ஆள் மாறினார்கள், மேனேஜர் மாற்றலாகிப் போனதாகச் சொன்னார்கள், பணம் கேட்டுப் போனவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அக்காவும் பாயும் ஒருநாள் பஸ் பிடித்துக் காட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் விடாமல் பாதிக் கன்று காய்ந்து கிடந்ததாம். அக்கா வந்து என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"என் துணி கட்டுன மரத்துல வேற எவனோ நம்பர் கெடக்குது கண்ணு. நம்ம ரெண்டு பேத்தயும் ஏமாத்திப்புட்டானுங்க."

நம்ம ரெண்டு பேரையும்! நானும் பணம் போட்டு ஏமாந்ததாகவே அவர் நினைத்திருந்தார். நான் அதையும் திருத்தவில்லை.

நுகர்வோர் மன்றம் என்று ஒன்று வந்திருப்பதை நான் பேப்பரில் படித்திருந்தேன். வக்கீல் வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். குற்ற உணர்ச்சியில் நானே உட்கார்ந்து அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். என்ன நடந்தது என்பதையெல்லாம் எழுதினேன். என்னைப் பற்றி மட்டும், 'பக்கத்து வீட்டுப் பெண் மூலம் கேள்விப்பட்டு' என்று எழுதினேன்.

அந்த ஒரு வரியைத்தான் கம்பெனி வக்கீல் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வாய்தாவுக்கு நான் சாட்சியாகப் போயிருந்தேன். அக்கா, பாய், நான் மூவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா எனக்கும் சேர்த்துப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வக்கீல் எழுந்து நிதானமாகப் பேசினார். இந்த அம்மாவிடம் எங்கள் கம்பெனி ஆள் யாரும் பேசவில்லை, எந்த உறுதியும் கொடுக்கவில்லை. இவராக வந்து மரம் வாங்கினார். மரம் என்றால் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி ஆயிரம் சொல்வாள், அந்தப் பேச்சுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?

நடுவில் உட்கார்ந்திருந்த மன்றத் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க இந்தக் கம்பெனியோட ஏஜென்ட்டா, இல்ல சும்மா பக்கத்து வீடா?"

என் பையில் பிஸ்கட் டப்பா இருந்தது. காலையில் கிளம்பும்போது எடுத்து வைத்திருந்தேன். ஆனால் திறக்க வேண்டிய நிலை வராது, பொதுவாகச் சாட்சி சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா பக்கத்து வீடு என்று சொன்னால் அக்காவின் வழக்கு அங்கேயே போச்சு. ஏஜென்ட் என்றால் அக்காவே போச்சு.

டப்பாவைத் திறந்து வவுச்சர்களை மேஜைமேல் வைத்தேன். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்து, தேதியையும் தொகையையும் சத்தமாகப் படித்து எழுதவைத்தார். அக்கா பணம் கட்டிய மறுநாள் தேதியிட்ட வவுச்சரையும் படித்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பெஞ்சைப் பார்க்கவில்லை. "அப்ப உங்களுக்கு இதுல கமிஷன் உண்டு. அத இந்தம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. கேட்டாங்க. சொல்லல."

திரும்பும்போது அக்காவும் பாயும் பஸ்ஸின் முன்பக்கம் ஏறினார்கள். நான் பின்னால் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. இறங்கும்போது சோற்றுத் தூக்கை மட்டும் அக்கா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே கிரைண்டரை விற்றேன். அது பழசாகிவிட்டதால் குறைந்ததைப் போஸ்ட் ஆபீஸ் சேமிப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து, அவர் பணத்தில் எனக்குக் கிடைத்த கமிஷன் முழுவதையும் ஒரு உறையில் போட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பாய் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்த அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வந்து, வாங்கி, பிரித்துப் பார்க்காமலே உள்ளே போனார்.

தீர்ப்பு அக்காவுக்குச் சாதகமாக வந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சு இல்லை, கம்பெனியின் பேச்சுதான் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்குள் கம்பெனி ஆபீஸில் பூட்டுத் தொங்கியது. காட்டை ஏலம் விட்டு எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்ததில் இழுத்து இழுத்து வந்தது, கட்டியதில் பாதிகூட இல்லை. அது வருவதற்கு முன்பே பாய் போய்விட்டார். ஒரு மூட்டையைத் தூக்கி மொபெட்டில் வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போகாமலே போய்விட்டார். அந்தப் பணம் கிருஷ்ணகிரித் தம்பி வீட்டிலேயே இருந்திருந்தால் அதற்கு முந்தின வருஷமே இருவரும் போயிருப்பார்கள். இதை எப்படித் திருப்பி எழுதினாலும் வேறு மாதிரி வரவில்லை.

நாற்பது நாள் வரை உறவுக்காரர்கள் வந்துபோனார்கள். நானும் போய் வாசலில் நின்றேன். யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

எனக்கு வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மத்திகிரியில் துணிக்கார அக்காவுக்குத் தெரியாத வீடு இல்லை. "அவ வந்தா மொதல்ல இதுல உனக்கு எவ்வளவுன்னு கேளுங்க" என்று சொல்லிவைத்திருந்தார். கேட்டார்கள். முதலில் அவமானமாக இருந்தது, கோபம்கூட வந்தது. பிறகு அவர்கள் கேட்கும் முன் நானே சொல்லத் தொடங்கினேன். இந்தத் திட்டத்தில் அரசாங்கம் எனக்கு இவ்வளவு தரும், இன்னொன்றில் இவ்வளவு, நான் இதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம், யோசித்துச் செய்யுங்கள் என்று. ஒரு லாரி டிரைவர், "அப்ப அதுல பாதிய எனக்குக் குடு" என்று பேரம் பேசினார். இன்னொரு வீட்டம்மா, "இத்தினிக்கூண்டுக்கா இப்படி வெயில்ல அலையறே?" என்று பரிதாபப்பட்டு மோர் கொடுத்தார். பாதி வாசல்கள் திரும்பத் திறந்தன. மீதி திறக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த அதிசயம் நடந்தது. கக்கூஸுக்குக் கதவு வந்தது. நல்ல கனமான தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள், வெளியே கொண்டி, கீழே புதுச் சிமென்ட். ஓனருக்கு என்ன ஆயிற்று என்று வரிசையே பேசிப் பேசிச் சிரித்தது. அவரும் பெருமையாக வந்து பார்த்துவிட்டு, அடுத்த மாதமே வாடகையைக் கூட்டினார். யார் போட்டதோ, நிம்மதியாக இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடிந்தது. ஒன்றாம் தேதிகளில் கால்வலியோடு வந்து, அங்கே கொஞ்ச நேரம் அதிகமாகவே உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கும் மேல் சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் துணி வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் எனக்குக் கேட்கும். நான் பாத்திரம் தேய்ப்பது அவருக்குக் கேட்டிருக்கும். பேச்சு மட்டும் இல்லை.

ஒரு காலையில் என் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சேலை, கையில் ஒன்றுமில்லை. பின்னால் கிருஷ்ணகிரித் தம்பி.

"நாளைக்குக் கெளம்பறேன் கண்ணு. ஹஜ்ஜுக்கு. தம்பி கூட வருது."

அந்த வேஸ்ட் துணியிலேயே மறுபடியும் சேர்த்திருக்கிறார். உள்ளே வாங்கக்கா என்றேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"போறதுக்கு முன்ன எல்லார் வூட்டுக்கும் போயி மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போவணும். உன் பொழப்புல நான் கை வெச்சேன். வூடு வூடாச் சொல்லி உன்ன உள்ள வுடாதீங்கன்னேன். நெசமாவே கோவத்துல சொன்னேன். உன் புள்ளைங்க சோத்துல அடிச்ச மாதிரிதான் அது. மன்னிச்சேன்னு வாயால சொல்லு."

என்னிடமா? நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடிக்கப் போனேன். விலகிக்கொண்டார். அவர்களில் அது கூடாது. அழுகையோடு ஏதேதோ உளறினேன். "அன்னைக்கு நான் குடுத்தது இந்தப் பிரயாணத்துக்குக் கொஞ்சமாவது ஒதவுச்சாக்கா?" என்று கேட்டேன். அதில் என் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அக்கா என்னை வியப்பாகப் பார்த்தார்.

"அத எப்பிடி இதுல சேக்கறது? பொய் சொல்லி வந்த காசாச்சே அது. எங்கள்ல வட்டிக்காசு தெரியாம கைக்கு வந்துட்டா வூட்டுல வெக்க மாட்டோம். புண்ணியம்னு நெனச்சும் குடுக்க மாட்டோம். கக்கூஸு, சாக்கடன்னு எதுக்காச்சும் குடுத்துக் கையக் கழுவிருவோம். அன்னைக்கே ஓனர்கிட்டக் குடுத்துக் கதவு போடச் சொல்லிட்டேன்."

சொல்லும்போது குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அவருக்கு அப்படிப் பேசத் தெரியும்.

"நேரமாச்சு. சொல்லு கண்ணு" என்றார் மறுபடி.

"மன்னிச்சேன்க்கா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியாமலே சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டுத் திரும்பினார். இரண்டடி போனவரைக் கூப்பிட்டேன்.

"என்ன மன்னிச்சீங்களாக்கா?"

அவர் நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

"என் பங்க எப்பவோ மன்னிச்சாச்சு. பாயோட பங்கு எங்கிட்ட இல்ல கண்ணு."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டார். இருவரும் என் வீட்டைத் தாண்டி வரிசையின் அடுத்த வாசலுக்குப் போய் நின்று, அங்கேயும் கூப்பிட்டார்கள்.